காசு கட்டி ஏறும் மலை

தேவிகுளத்துக்கு முன்னால், கேப் ரோடு முடிகிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு தண்ணீர் மேசை. பனிக்காலம், சனிக்கிழமை, காலை ஏழரை மணி இருக்கும். மூணாறைச் சுற்றியுள்ள தேயிலை மலைகளில் எழுபது கிலோமீட்டர் ஓடும் பந்தயம் அது. அந்த மேசையை நானும் இரண்டு கல்லூரிப் பையன்களும் பார்த்துக்கொண்டிருந்தோம். உப்புப் போட்டு அவித்த உருளைக்கிழங்கு, வாழைப்பழம், கடலைமிட்டாய், ஓ.ஆர்.எஸ். கரைத்த தண்ணீர், பெரிய ஃபிளாஸ்க்கில் பால் விடாத கட்டன் சாயா. இருட்டோடு கிளம்பியவர்கள் நெற்றி விளக்கை அணைக்கக்கூட மறந்துபோய் ஒவ்வொருவராக வந்துகொண்டிருந்தார்கள்.

ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் வந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினார். கோயம்புத்தூரில் கணக்கு வேலை பார்ப்பவர் என்று பேச்சில் தெரிந்தது. வலது கால் பெருவிரல் நகம் முழுக்கக் கறுத்து, ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. அவர் முகம் சுளிக்கவில்லை. பையிலிருந்து டேப்பை எடுத்து, நகத்தோடு சேர்த்து விரலை மூன்று சுற்றுச் சுற்றி, மறுபடியும் சாக்ஸை மாட்டினார்.

தோட்டத்துக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு அம்மா நின்று இதைப் பார்த்தார். இடுப்பில் படுதா, தலையில் துண்டு, கையில் தூக்குவாளி.

"எம்புட்டு தூரம் தம்பி?"

"எழுபது கிலோமீட்டர்ம்மா."

"எவ்வளவு குடுப்பாக?"

"குடுக்க மாட்டாங்கம்மா. நாங்கதான் காசு கட்டியிருக்கோம்."

அந்த அம்மா அவர் காலைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். அப்புறம் கேட்டார்: "வேண்டுதலா?"

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்படியும் வச்சுக்கலாம்மா" என்று சொல்லிவிட்டு எழுந்து ஓடினார்.

மனிதர்கள் ஏன் இப்படி ஓடுகிறார்கள் என்று நான் நிறையப் படித்திருக்கிறேன். அந்த அம்மா கேட்ட ஒற்றைச் சொல் அளவுக்கு எதுவும் விஷயத்தின் பக்கத்தில் போகவில்லை. அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

முதலில், எவ்வளவு தூரத்தைப் பற்றிப் பேசுகிறோம் என்று பார்த்துவிடலாம். மாரத்தான் என்றால் 42.195 கிலோமீட்டர். அதைத் தாண்டிய எல்லாவற்றுக்கும் அல்ட்ரா என்று பெயர். ஐம்பது கிலோமீட்டரும் அல்ட்ராதான், ஐயாயிரமும் அல்ட்ராதான். நியூயார்க் நகரத்தின் குவீன்ஸ் பகுதியில் ஒரு பள்ளிக்கூடத்தைச் சுற்றியுள்ள நடைபாதையிலேயே 3,100 மைல் ஓடும் பந்தயம் 1997 முதல் நடக்கிறது. ஒரு சுற்று ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. ஐம்பத்திரண்டு நாளில் முடிக்க வேண்டும். அதாவது ஒரு நாளைக்கு ஏறக்குறைய தொண்ணூற்றாறு கிலோமீட்டர், அதே தெருவில், அதே மரத்தடியில். இதைத் தொடங்கியவர் வங்காளத்தில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ஆன்மீக குரு ஸ்ரீ சின்மய். ஓட்டத்தை அவர் தியானமாகவே பார்த்தார்.

இதெல்லாம் இந்தக் காலத்துப் பைத்தியம் என்று நினைத்துவிட வேண்டாம். 1870களிலேயே லண்டனிலும் நியூயார்க்கிலும் மூடிய மண்டபங்களுக்குள் ஆறு நாள் நடைப்பந்தயங்கள் நடந்தன. ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் கூடாது என்பதால்தான் ஆறு நாள். டிக்கெட் வாங்கிக்கொண்டு ஆயிரக்கணக்கானவர்கள் போய்ப் பார்த்தார்கள். அந்தக் காலத்து நட்சத்திரம் எட்வர்ட் பேசன் வெஸ்டன். லிங்கன் பதவியேற்பதைப் பார்க்க 1861இல் பாஸ்டனிலிருந்து வாஷிங்டனுக்குப் பந்தயம் கட்டி நடந்தே போனவர். சில மணி நேரம் பிந்திப் போய்ச் சேர்ந்ததால் பந்தயத்தில் தோற்றார்.

தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்குக்கும் இடையில் ஏறக்குறைய தொண்ணூறு கிலோமீட்டர் ஓடும் காம்ரேட்ஸ் பந்தயம் 1921இல் தொடங்கியது. முதல் உலகப் போரில் போரிட்டுத் திரும்பிய விக் கிளாப்பம் என்பவர், செத்துப்போன தோழர்களின் நினைவாக அதைத் தொடங்கினார். முதல் ஆண்டில் 34 பேர். கறுப்பின மக்களையும் பெண்களையும் அதிகாரபூர்வமாக ஓட விட்டது 1975இல்தான். இன்றைக்குப் பல ஆயிரம் பேர் ஓடுகிறார்கள், இந்தியாவிலிருந்தும் நிறையப் பேர் போகிறார்கள். கெடு பன்னிரண்டு மணி நேரம். கெடு முடியும் நொடியில் ஒருவர் ஓட்டக்காரர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று துப்பாக்கியால் சுடுகிறார். முகத்தைப் பார்த்தால் மனம் இளகிவிடும் என்பதற்காகவே முதுகு. சுட்ட பிறகு வருகிறவருக்குப் பதக்கம் கிடையாது, ஒரு நொடி பிந்தினாலும் கிடையாது. முதலில் வந்தவரைப் பார்க்கிற அதே ஆர்வத்தோடு அந்த நாட்டு ஜனங்கள் இந்தக் கடைசி நிமிடத்தையும் பார்க்கிறார்கள்.

கலிஃபோர்னியாவில் நூறு மைல், அதாவது 161 கிலோமீட்டர், குதிரைப் பந்தயம் ஒன்று உண்டு. 1974இல் கோர்டி ஐன்ஸ்லி என்பவர் குதிரையே இல்லாமல் அந்தப் பாதையில் தன் காலால் ஓடி, 23 மணி 42 நிமிடத்தில் முடித்தார். குதிரைக்கு இருபத்துநான்கு மணி நேரம் கெடு. மனிதனும் அந்தக் கெடுவுக்குள் வந்துவிட்டான். இன்று உலகம் முழுக்க நடக்கும் நூறு மைல் பந்தயங்களுக்கெல்லாம் அதுதான் மூத்த வழி. இந்தியாவில் லடாக்கில் 2010 முதல் நடந்த லா அல்ட்ரா 222 கிலோமீட்டர். கார்துங் லா கணவாயைத் தாண்டி லேவுக்கு ஓடுகிற பந்தயம் 72 கிலோமீட்டர். அங்கே மூச்சு விடுவதே ஒரு வேலை.

ஸ்பார்ட்டாத்லான் பற்றி மட்டும் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். ஏதென்ஸிலிருந்து ஸ்பார்ட்டாவுக்கு 246 கிலோமீட்டர். பாரசீகப் படை வந்தபோது உதவி கேட்டு ஒரு தூதன் ஏதென்ஸிலிருந்து கிளம்பி மறுநாளே ஸ்பார்ட்டாவைச் சேர்ந்தான் என்று ஹெரோடோட்டஸ் எழுதி வைத்திருக்கிறார். அது நடக்கிற காரியம்தானா என்று பார்க்க 1982இல் பிரிட்டிஷ் விமானப்படையைச் சேர்ந்த ஜான் ஃபோடனும் நண்பர்களுமாக ஐந்து பேர் ஓடினார்கள். மூன்று பேர் போய்ச் சேர்ந்தார்கள். அடுத்த ஆண்டு பந்தயம் தொடங்கியது. கெடு 36 மணி நேரம், பரிசுப் பணம் கிடையாது. முடிக்கிற இடத்தில் ரிப்பன் எதுவும் கட்டியிருக்காது. லியோனிடாஸ் மன்னரின் சிலை நிற்கும். ஓடி வந்தவர் அந்தச் சிலையின் பாதத்தைத் தொட்டால்தான் ஓட்டம் முடிந்தது. பலர் பாதத்தில் நெற்றியை வைத்து அழுகிறார்கள். தலையில் ஒலிவ இலை கிரீடம் வைத்து, குடிக்க ஆற்றுத் தண்ணீர் கொடுக்கிறார்கள். பாதம் தொடுவது, தலையில் இலை சூட்டுவது, தீர்த்தம் கொடுப்பது. இதை ஒரு வீடியோவில் முதல்முறை பார்த்தபோது எனக்குச் சபரிமலைக்குப் போகிறவர்கள் ஏறும் குமுளிப் பாதைதான் ஞாபகம் வந்தது. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

இன்னொன்று பார்க்லி. அமெரிக்காவின் டென்னஸி மலைக்காட்டில் நடக்கிறது. மார்ட்டின் லூதர் கிங்கைக் கொன்றவன் 1977இல் அங்கிருந்த சிறையிலிருந்து தப்பி, இரண்டு நாளுக்கு மேல் ஓடியும் பதின்மூன்று கிலோமீட்டர் போலத்தான் நகர முடிந்தது. அவ்வளவு மோசமான காடு. அதைக் கேட்டுத்தான் கேரி கேன்ட்ரெல் என்பவர் 1986இல் அங்கே பந்தயம் வைத்தார். ஐந்து சுற்று, அறுபது மணி நேரம். பாதையில் அம்புக்குறி கிடையாது. காட்டுக்குள் ஒளித்து வைத்த புத்தகங்களைக் கண்டுபிடித்து, தன் எண்ணுக்குரிய பக்கத்தைக் கிழித்துக்கொண்டு வர வேண்டும். நுழைவுக் கட்டணம் 1.60 டாலர். தொடங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் சங்கு ஊதுவார்கள். கேன்ட்ரெல் ஒரு சிகரெட்டைப் பற்ற வைத்தால் ஓட்டம் தொடங்கியது என்று பொருள். பாதியில் விட்டவருக்கு, ராணுவ வீரரை அடக்கம் செய்யும்போது ஊதுகிற இசையை ஊதி அனுப்புகிறார்கள். 2024 வரை முடித்தவர்கள் மொத்தமே இருபது பேர். அந்த ஆண்டுதான் முதன்முதலாக ஒரு பெண் முடித்தார்: கால்நடை மருத்துவரான ஜாஸ்மின் பாரிஸ், கெடுவுக்கு 99 நொடி மிச்சம் இருக்கும்போது கம்பிக் கதவைத் தொட்டு அங்கேயே சரிந்து உட்கார்ந்தார். இதே ஜாஸ்மின் 2019இல் பிரிட்டனில் 268 மைல் பந்தயத்தில் ஆண்களையும் சேர்த்து எல்லோரையும் முந்தி வந்தவர். அப்போது அவருக்குக் கைக்குழந்தை. வழியில் நிற்கிற இடங்களில் தாய்ப்பாலைப் பீய்ச்சி வைத்துவிட்டு ஓடினார்.

முடிக்கவே முடியாது என்று பெரும்பாலானவர்களுக்குத் தெரிந்த ஒரு பந்தயத்துக்கு ஏன் வரிசையில் நிற்கிறார்கள்? ஜெயிப்பதற்காக என்று சொன்னால் பொருந்தவில்லை. உடம்பு நலத்துக்காக என்றும் சொல்ல முடியாது. நலத்துக்குத் தினம் அரை மணி நேரம் வேகமாக நடந்தாலே போதும்.

உடம்புக்குள் என்ன நடக்கிறது

நம் தசையிலும் ஈரலிலும் மாவுச்சத்து கிளைகோஜனாகச் சேர்ந்திருக்கிறது. ஓடினால் ஏறக்குறைய முப்பது கிலோமீட்டருக்குள் அது தீர்ந்துவிடும். கொழுப்பு வேண்டிய மட்டும் இருக்கிறது, ஒல்லியானவரிடம்கூடப் பல நாளுக்குப் போதுமான அளவு. ஆனால் கொழுப்பு மெதுவாக எரியும் விறகு. வேகமாகப் போனால் அது ஈடுகொடுக்காது. அதனால் நீண்ட தூரம் ஓடுகிறவருக்கு இரண்டே வழி: மெதுவாகப் போக வேண்டும், போகப் போகச் சாப்பிட வேண்டும். அல்ட்ரா என்பது ஓடிக்கொண்டே சாப்பிடுகிற போட்டி என்று அனுபவசாலிகள் சொல்வது வெறும் பேச்சல்ல. பாதியில் விடுகிறவர்களில் நிறையப் பேருடைய கால் நன்றாகத்தான் இருக்கும். வயிறுதான் எதையும் ஏற்றுக்கொள்ளாமல் திருப்பி அனுப்பிவிடும். ஓடும்போது ரத்தமெல்லாம் காலுக்கும் தோலுக்கும் போய்விடுவதால் குடலுக்குப் போதுமான ரத்தம் கிடைப்பதில்லை.

தண்ணீர் விஷயம் இன்னும் நுட்பமானது. நிறையக் குடித்தால் நல்லது என்று நாம் நினைக்கிறோம். 2002ஆம் ஆண்டு பாஸ்டன் மாரத்தானில் ஓடிய 488 பேரின் ரத்தத்தைச் சோதித்துப் பார்த்தபோது, நூற்றுக்குப் பதின்மூன்று பேருக்கு உப்புச்சத்து இருக்க வேண்டிய அளவைவிடக் குறைந்திருந்தது. முக்கியக் காரணம் தாகமல்ல, தேவைக்கு மேல் தண்ணீர் குடித்தது. ரொம்பவும் குறைந்துபோனால் மூளை வீங்கி உயிரே போகக்கூடிய நிலை அது. அதனால்தான் எங்கள் மேசையில் வெறும் தண்ணீரை ஊற்றிக் கொடுப்பதற்கு முன்னால் "கடைசியா எப்ப உப்பு எடுத்தீங்க?" என்று கேட்கச் சொல்லியிருந்தார்கள். வெறும் தண்ணீரைவிட உப்பு போட்ட மோர் நல்லது. நம் ஊரில் வெயிலில் நடந்து வந்தவருக்கு வெறும் தண்ணீரைக் கொடுக்காமல் நீர்மோர் கொடுத்த பாட்டிமார்களுக்கு இது தெரிந்திருந்தது.

இரவு வேறொரு உலகம். இரண்டாவது ராத்திரி தூங்காமல் ஓடுகிறவர்களுக்குப் பாறை நாயாகத் தெரியும், மரக்கிளை கைநீட்டி நிற்கிற ஆளாகத் தெரியும். அவர்களோடு பேசிக்கொண்டே ஓடியதாகச் சொல்பவர்களும் உண்டு.

களைப்பு என்பது தசையில் மட்டும் இருப்பதல்ல என்பதும் இதில் தெரியவருகிறது. ஒரு எல்லைக்கு முன்பாகவே உடம்பைக் காப்பாற்ற மூளை பிரேக் போடுகிறது என்று தென்னாப்பிரிக்க விஞ்ஞானி டிம் நோக்ஸ் சொன்னார். அது சரியா என்று இன்னமும் விவாதம் நடக்கிறது. 2009இல் சாமுவேலே மார்க்கோரா என்பவரும் குழுவினரும் ஒரு சோதனை செய்தார்கள். சைக்கிள் மிதிப்பதற்கு முன்னால் ஒன்றரை மணி நேரம் கணினியில் மூளைக்கு வேலை கொடுத்தார்கள். அப்படி மனம் களைத்தவர்கள், இதயமும் தசையும் வழக்கம்போல இருந்தும் சீக்கிரமே மிதிப்பதை நிறுத்திவிட்டார்கள். "இனிமேல் முடியாது" என்பது கால் சொல்வதல்ல, நாம் சொல்வது. ஓட்டக்காரர்களுக்கு இது புத்தகம் படிக்காமலே தெரியும். முடியாது என்று தோன்றிய இடத்துக்கு அப்பால் இன்னும் இருபது கிலோமீட்டர் போனவருக்கு, அந்த "முடியாது" என்ற குரலின் மீது முன்பிருந்த மரியாதை போய்விடும். இவர்களை இழுக்கிற காரணங்களில் இதை நான் பெரிதாகவே மதிக்கிறேன்.

மனிதன் ஓடுவதற்காகவே உருவானவன் என்றொரு வாதமும் இருக்கிறது. டென்னிஸ் பிராம்பிளும் டேனியல் லீபர்மனும் 2004இல் நேச்சர் இதழில் இதை எழுதினார்கள். குதிகால் தசைநாண், தலையை ஆடாமல் பிடிக்கும் கழுத்து நாண், உடம்பு முழுக்க வியர்க்கும் தோல் இதெல்லாம் நடப்பதற்கு மட்டும் தேவையில்லை. வெயிலில் விலங்கைத் துரத்தித் துரத்திக் களைக்க வைக்க வந்தவை என்பது அவர்கள் வாதம். நம்பத்தக்க வாதம்தான். ஆனால் முடியும் என்பதற்கு அது விளக்கம், வேண்டும் என்பதற்கு அல்ல. வேட்டை முடிந்தால் கறி இருந்தது. தேவிகுளத்தில் என்ன இருக்கிறது?

வேண்டுதலா?

கார்த்திகை பிறந்தால் எங்கள் கம்பம் பள்ளத்தாக்கு கறுப்பும் நீலமுமாக மாறிவிடும். தமிழ்நாட்டின் பல மாவட்டங்களிலிருந்து சபரிமலைக்குப் போகிறவர்கள் தேனி, கம்பம், குமுளி, வண்டிப்பெரியாறு என்று இந்த வழியாகத்தான் மேலே ஏறுகிறார்கள். பெரும்பாலும் வேனில், பஸ்ஸில். ஆனால் சொந்த ஊரிலிருந்தே வெறுங்காலோடு நடந்து வருகிறவர்களும் இருக்கிறார்கள். எருமேலிக்குப் போன பிறகு, அழுதா நதியும் கரிமலையும் தாண்டிப் பெரிய பாதையில் நடப்பவர்கள் உண்டு.

லோயர் கேம்ப் பக்கம் ஒரு அன்னதானப் பந்தலில் சில வருடம் நான் பாத்திரம் கழுவியிருக்கிறேன். அங்கே ஒரு ராத்திரி பார்த்தது. கன்னிசாமி ஒருத்தர், இருபது வயதுகூட இருக்காது, குதிகாலில் எலுமிச்சம்பழ அளவுக்குக் கொப்புளம். குருசாமி அந்தக் காலைத் தன் மடியில் தூக்கி வைத்தார். ஊசியைத் தீக்குச்சியில் காட்டி, மஞ்சள் தடவிய நூலைக் கோத்து, கொப்புளத்தின் ஒரு பக்கம் குத்தி மறுபக்கம் எடுத்தார். நூலை உள்ளேயே விட்டு இரண்டு பக்கமும் கத்தரித்தார். நீர் நூல் வழியாகக் கசிந்து வடிந்துவிடும், தோல் கிழியாது. கிருமி ஏறும் என்பதால் டாக்டர்கள் இதை ஒப்புக்கொள்வதில்லை. ஆனால் பையன் காலையில் எழுந்து நடந்தான். தேவிகுளம் மேசையில் ஒரு பெண் ஓட்டக்காரர் இடுப்புப் பையைத் திறந்தபோது அதற்குள் ஊசியும் நூலும் இருந்ததைப் பார்த்தேன். அவருக்கும் யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மாலை போட்டால் நாற்பத்தொரு நாள் விரதம். பந்தயத்துக்குப் பெயர் கொடுத்தால் நான்கைந்து மாதம் விடிகாலைப் பயிற்சி, கள் கிடையாது, ராத்திரி சீக்கிரம் படுக்கை. மாலை போட்டவருக்குச் சொந்தப் பெயர் போய் எல்லோரும் சாமி. பந்தயத்தில் நெஞ்சில் குத்திய எண்தான் பெயர், கம்பெனி முதலாளியும் அங்கே 214தான். வழியில் முன்பின் தெரியாதவர்கள் சோறும் தண்ணீரும் தருகிறார்கள். யாரும் சாதி கேட்பதில்லை, சம்பளம் கேட்பதில்லை. "தேக பலம் தா, பாத பலம் தா" என்று ஏற்றத்தில் எழுகிற கோஷம் வேறென்ன கேட்கிறது? உடம்பைக் கொடு, காலைக் கொடு, அவ்வளவுதான்.

வித்தியாசமும் இருக்கிறது, அதை மறைக்க விரும்பவில்லை. பக்தருக்குக் கடிகாரம் கிடையாது. அவர் போய்ச் சேருகிற இடத்தில் ஒருவர் காத்திருக்கிறார். பட்ட கடனைத் தீர்க்கப் போகிறார். குழந்தை பிழைத்ததற்கோ, நோய் குணமானதற்கோ நடக்கிறார். ஓட்டக்காரர் யாருக்குக் கடன்பட்டவர்? என்னிடம் பேசியவர்கள் சொன்னதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால், நிறையப் பேருக்குப் பின்னால் ஏதோ ஒன்று இருக்கிறது. அப்பா செத்துப்போன வருடம் ஓட ஆரம்பித்தவர், குடியை விட்டவர், சர்க்கரை வந்து பயந்தவர், மணமுறிவுக்குப் பிறகு வீட்டில் உட்கார முடியாதவர். வாய்விட்டு வேண்டிக்கொள்ளவில்லை, ஆனாலும் எதற்கோ பதிலாக நடக்கிறார்கள்.

எதுவும் நடக்காதவர்களும் ஓடுகிறார்கள். அவர்களைப் புரிந்துகொள்ள 2017இல் ஜர்னல் ஆஃப் கன்ஸ்யூமர் ரிசர்ச் இதழில் வந்த ஒரு ஆய்வு உதவியது. சேற்றிலும் கம்பியிலும் மின்சார அதிர்ச்சியிலும் புகுந்து வெளியேறுகிற தடையோட்டத்துக்கு ஜனங்கள் ஏன் பணம் கட்டுகிறார்கள் என்று ஆராய்ந்தவர்கள், நாற்காலியில் உட்கார்ந்தே சம்பாதிப்பவர்களுக்கு உடம்பு என்ற ஒன்று இருப்பதை வலிதான் ஞாபகப்படுத்துகிறது என்றார்கள். அந்த நேரத்தில் "நான்" என்ற சுமையையும் கொஞ்சம் இறக்கி வைக்க முடிகிறதாம். கோயம்புத்தூர் கணக்கர் என்னிடம் சொன்னதும் இதைத்தான், வேறு வார்த்தையில்: "ஆபீஸ்ல வேலை முடியறதே இல்லைங்க. ஒண்ணு முடிஞ்சா ஒண்ணு. இங்க எழுபது வந்தா எழுபதுதான், அப்புறம் யாரும் ஓடச் சொல்ல மாட்டாங்க." முடிவு தெரிகிற கஷ்டம். அதற்குத்தான் அவர் காசு கட்டியிருக்கிறார் என்று எனக்குத் தோன்றியது.

இதே மலை, வேறு கால்கள்

என் அம்மாச்சி போடியிலிருந்து ஏலத்தோட்டத்துக்கு நடந்து ஏறியவர். மலைச்சாலையில் ஜீப் கிடைக்காத காலம். தலையில் அரிசியும் துணியும், இடுப்பில் என் பெரியம்மா. மழைக்காலத்தில் அட்டைக்குப் பயந்து புகையிலைத் தண்ணீரைக் காலில் தடவிக்கொண்டு ஏறியதைச் சொல்லுவார். எத்தனை கிலோமீட்டர் என்று கேட்டால் தெரியாது. "வெள்ளி முளைக்கயில கிளம்பினா வெயில் சாயறதுக்குள்ள போயிருவோம்" என்பார். மூணாறுத் தேயிலைப் பெட்டிகள் மலை மேலே இருக்கும் டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடத்தில் தொங்கிக்கொண்டு அடிவாரத்துக் கொட்டகுடிக்கு இறங்கின. தேயிலைக்குக் கம்பிவடம் இருந்தது. அதைப் பறித்த தமிழ் ஜனங்கள் கால்நடையாகவே ஏறினார்கள். இன்றைக்கும் கம்பம், போடி, தேவாரம் ஊர்களிலிருந்து விடிவதற்கு முன்னால் ஜீப்பில் நெருக்கியடித்துக்கொண்டு பெண்கள் இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குப் போய்த் திரும்புகிறார்கள்.

2015 செப்டம்பரில் மூணாறில் தேயிலை பறிக்கும் பெண்கள் ஆயிரக்கணக்கில் தெருவில் உட்கார்ந்தார்கள். பெம்பிளை ஒருமை என்று பெயர், பெண்கள் ஒற்றுமை என்று பொருள். பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள். அப்போது நாள் கூலி 232 ரூபாய், 500 கேட்டார்கள், கடைசியில் 301க்கு முடிந்தது. தொழிற்சங்கத் தலைவர்களைப் பக்கத்தில் விடாமல் அவர்களே நடத்திய போராட்டம். தாக்குப்பிடிப்பதைப் பற்றி எழுதுகிறவன் இந்தப் பெண்களை விட்டுவிட்டு எழுத முடியாது. நகம் கறுத்த கால் அவர்களுக்கும் உண்டு. டேப் சுற்றிவிட அங்கே நாற்காலி போட்ட மேசை கிடையாது, அவ்வளவுதான் வித்தியாசம்.

இதைச் சொல்லி ஓட்டக்காரர்களைக் குறைசொல்லவில்லை. விட்டுவிடலாம் என்ற உரிமை கையில் இருக்கும்போது விடாமல் போவதில் ஒரு தனி ருசி இருக்கிறது. அம்மாச்சிக்கு அந்த உரிமை இல்லை, அதனால் அந்த ருசியும் இல்லை. மலையை அவர் ஒருநாளும் அழகு என்று சொன்னதில்லை. எனக்கு மலை அழகாகத் தெரிகிறதென்றால், அவர் எனக்காக இறங்கி வந்ததால்தான்.

விடுகிற உரிமை உண்மையிலேயே கையில் இருக்க வேண்டும் என்பதும் முக்கியம். 2021 மே மாதம் சீனாவின் கான்சு மாகாணத்தில் நூறு கிலோமீட்டர் மலைப் பந்தயத்தில் 172 பேர் ஓடினார்கள். உச்சிப் பகுதியில் ஆலங்கட்டி மழையும் குளிர்காற்றும் திடீரென அடித்தன. நிறையப் பேர் அரைக்கால் சட்டையில் இருந்தார்கள். வண்டி போக வழியில்லாத அந்த ஏற்றத்தில் ஒதுங்கக் கூரை கிடையாது. 21 பேர் குளிரில் விறைத்துச் செத்தார்கள், அவர்களில் நாட்டின் முதல்தர ஓட்டக்காரர்களும் உண்டு. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவர், தான் ஒதுங்கியிருந்த குகைக்குள் ஆறு பேரைக் கொண்டுபோய் நெருப்பு மூட்டிப் போர்வை போர்த்திக் காப்பாற்றினார். அந்த நாட்டில் இப்படிப்பட்ட பந்தயங்களை அதற்குப் பிறகு நிறுத்தி வைத்தார்கள்.

நம் மலைகளில் வேறு ஆபத்து. சின்னக்கானல் பக்கம் யானை நடமாட்டம் எல்லோருக்கும் தெரியும். அங்கிருந்து 2023 ஏப்ரலில் பிடித்துப் பெரியாறு காட்டில் விட்ட அரிக்கொம்பன், அடுத்த மாதமே எல்லை தாண்டிக் கம்பம் டவுனுக்குள் வந்து நின்றது. அந்தப் பாதைகளில் இருட்டோடு ஆட்களை ஓட விடுகிறவர்களுக்கு வனத்துறையோடு பேசவும், முன்னால் வண்டி அனுப்பவும், தேவைப்பட்டால் தொடக்கத்தைத் தள்ளி வைக்கவும் மனம் இருக்க வேண்டும். வேறொரு ஊரில் ஒரு பந்தயத்துக்கு நான் உதவப் போனபோது பத்து மணிக்கே தண்ணீர் தீர்ந்துவிட்டது, நடத்துகிறவர்கள் போனையே எடுக்கவில்லை. பக்கத்து டீக்கடைக்காரர் ஒரு குடம் கொடுத்தார். கட்டணம் எவ்வளவு, டி-ஷர்ட் எப்படி என்று கேட்பதற்கு முன்னால், வழியில் எத்தனை இடத்தில் தண்ணீர், எத்தனை ஆம்புலன்ஸ், பாதியில் விட்டவரை யார் ஏற்றிக்கொண்டு வருவார் என்று கேளுங்கள். புதிதாகத் தொடங்குகிறவர் எழுபதில் ஆரம்பிக்கவும் வேண்டாம். பத்து, இருபத்தொன்று, மாரத்தான் என்று ஒவ்வொன்றாகப் பழக்குங்கள். மூச்சு சீக்கிரம் பழகிவிடும். எலும்புக்கும் தசைநாணுக்கும் வருடக்கணக்கில் நேரம் வேண்டும்.

அன்றைக்கு எங்கள் மேசைக்குத் திரும்பும் பாதையிலும் வேலை இருந்தது. அதனால் சாயங்காலம் வரைக்கும் அங்கேயே இருந்தோம். நான்கு மணிக்கு மேல் பனி இறங்க ஆரம்பித்தது. உருளைக்கிழங்கு தீர்ந்து, கடைசி ஃபிளாஸ்க் சாயாவும் ஆறிவிட்டது. பையன்கள் காலி பாட்டில்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தார்கள். அப்போது காலையில் பார்த்த அந்த அம்மா, கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு, தூக்குவாளியோடு திரும்பி வந்தார்.

"அந்த நகம் போன தம்பி வந்து சேந்துட்டாரா?"

முடிக்கிற இடத்தில் இருந்த நண்பருக்குப் போன் போட்டேன். எண்ணைச் சொல்லிக் கேட்டதில், அறுபத்தோராவது கிலோமீட்டரில் கெடு தாண்டிவிட்டதால் வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்துவிட்டார்கள் என்றார். அந்த அம்மாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் சாலையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஏதாவது சாப்பிட்டாரான்னு கேளு தம்பி" என்றார்.

மறுபடியும் போன் போட்டேன். சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார் என்று சொன்னார்கள்.

"சரி" என்று சொல்லிவிட்டு லயத்துக்குப் போகிற ஒற்றையடிப் பாதையில் அவர் இறங்கினார்.